வடமதுரைக் கல்லும் புத்தர் திருவுருவமும்

தென்மதுரைச் சீமையிற் பிறந்து, வடமதுரை இரயில் நிலையத்தில் நான்கு ஆண்டுகள் பணியாற்றி, இப்பொழுது காசிக்கு அருகேயுள்ள நம் காலனியில் குடியிருக்கும் சரக்கு எழுத்தன் ஒருவன், சிற்பக் கலையைப் பற்றி எழுதத் துணிந்தது எங்ஙனம் என்று அன்பர்கள் வியக்கக் கூடும். மூட்டைகளை நிறை போட்டு, இரசீது எழுதி, வண்டியில் ஏற்றி அனுப்புவதே என் தொழில். பள்ளியிறுதி வகுப்பிற்கு மேல் நான் படித்தவனுமல்லன். எனினும், ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று சங்கத்தார் கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. சென்ற குளிர்காலத்தில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியே அதற்குக் காரணம்.

நம் காலனிக் குடும்பங்கள் சில ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று சாரநாத்துக்குச் சென்றிருந்தோம். அங்குள்ள அருங்காட்சியகத்தில், அறவாழி உருட்டும் கோலத்தில் அமர்ந்திருக்கும் புத்தர் பெருமானின் திருவுருவத்தின் முன் எல்லோரும் வாய் பேசாது நின்றோம். அப்பொழுது, வேறொரு கூட்டத்தை அழைத்து வந்த வழிகாட்டி ஒருவர், “புத்தருக்கு உருவம் அமைக்கும் கலையை நமக்குக் கற்பித்தவர்கள் கிரேக்கர்களே. அதற்கு முன் நம்மவர்க்கு அது தெரியாது” என்று உரத்த குரலில் விளக்கிக் கொண்டிருந்தார். எட்டாம் வகுப்பிற் படிக்கும் என் மகள் என் கையைப் பற்றி, “அப்பா, அவர் சொல்வது மெய்தானா?” என்று கேட்டாள். “இல்லை அம்மா, இல்லவே இல்லை” என்று சட்டென்று கூறிவிட்டேன். “எப்படி இல்லை?” என்று அவள் அடுத்துக் கேட்டாள். என்னிடம் விடையில்லை.

விடை தெரியாமற் சொன்ன மறுப்பு, பொய்க்கு அடுத்த வீட்டில் இருப்பது. அந்த உறுத்தலால் அன்று முதல் கிடைத்த நூல்களைப் படித்தேன். வடமதுரையில் முன்பு கண்டவற்றை நினைவிற் கொண்டு வந்தேன். அங்ஙனம் அறிந்தவற்றை ஈண்டுக் கூறுகிறேன்.

உருவம் இல்லாத காலம்

புத்தர் பெருமான் நிருவாணம் எய்திய பின் பல நூற்றாண்டுகள் வரை அவரை மனித வடிவிற் செதுக்கி வழிபடும் வழக்கம் இருந்ததற்குச் சான்று இல்லை. கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் பார்ஹுத் தூபியின் கற்களை 1873ஆம் ஆண்டிற் கன்னிங்காம் என்னும் ஆங்கிலேயர் கண்டெடுத்தார். அவற்றுட் பல இன்று கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் உள்ளன. அங்கே ஒரு காட்சி: மகத மன்னன் அஜாதசத்துரு யானை மீதேறிப் புத்தரைக் காண வருகிறான், இறங்குகிறான், கைகூப்பி மண்டியிடுகிறான். அவன் வணங்குவது யாரை? எதிரே இருப்பது ஒரு வெற்றுப் பீடமும் இரண்டு திருவடிச் சுவடுகளுமே! ‘அஜாதசத்துரு பகவானை வணங்குகிறான்’ என்று பொருள்படும் எழுத்தையும் சிற்பி அருகிற் பொறித்திருக்கிறான். சாஞ்சியின் கீழைத் தோரணவாயிலிற் சித்தார்த்தர் அரண்மனையை விட்டு நீங்கும் காட்சி உள்ளது. குதிரை செல்கிறது, அதன் மேல் குடை பிடித்து ஏவலன் செல்கிறான், குதிரையின் முதுகில் மட்டும் யாரும் இல்லை. போதி மரம், சக்கரம், தூபி, பீடம், பாதச் சுவடு ஆகிய குறிகளே அக்காலத்திற் பெருமானுக்காக நின்றன.

தமிழர்க்கு இச்செய்தி புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்திற் காவிரிப்பூம்பட்டினத்து உவவனத்திலும் மணிபல்லவத் தீவிலும் வழிபடப்படுவது புத்தருடைய பாத பீடிகையே என்பதை நாம் அறிவோம். அப்பட்டினத்தைச் சார்ந்த பல்லவனீச்சரத்தில் நிகழ்ந்த அகழ்வாய்வில் பௌத்த விகாரத்தின் அடித்தளமும் புத்தபாதக் கல்லும் வெளிப்பட்டுள்ளன. உருவ வழிபாடு பரவிய பின்னரும் பாத வழிபாடு மறையவில்லை என்பது இதனால் விளங்கும்.

ஈண்டு ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். பார்ஹுத் சிற்பிகளுக்கு மனித உருவம் செதுக்கத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அதே தூபியின் தூண்களில் இயக்கரும் இயக்கியரும் ஆளுயரத்திற்குப் பெயர் பொறிக்கப்பட்டு நிற்கின்றனர். மன்னரும், வணிகரும், யானையும், குரங்கும் அத்துணை உயிர்ப்புடன் உள்ளன. எனவே புத்தருக்கு உருவம் அமைக்காதது கை அறியாமையால் அன்று. நெஞ்சின் துணிபால் என்க. அத்துணிபின் காரணம் யாது என்பதில் அறிஞர்கள் வேறுபடுவர். ஆயினும், ‘நம்மவர்க்குத் தெரியாது’ என்ற கூற்றின் முதற் பாதி இங்கேயே தளர்ந்து விடுகிறது.

காந்தாரத்துப் புத்தர்

இனி, வழிகாட்டியின் கூற்றில் உள்ள உண்மையையும் ஒளிக்காமற் சொல்ல வேண்டும். இன்றைய பாகிஸ்தானில் பெஷாவர், சுவாத் பள்ளத்தாக்கு, தட்சசீலம் ஆகிய பகுதிகளைக் கொண்டது பண்டைய காந்தாரம். கருஞ்சாம்பல் நிறமுள்ள ஒருவகை அடுக்குப் பாறையில் அந்நாட்டுச் சிற்பிகள் செதுக்கிய புத்தரைக் காண்போர், இவர் யவன நாட்டுத் தெய்வமோ என்று ஒரு கணம் மயங்குவர். அலை அலையாக வாரி முடிந்த கூந்தல். கூர்மையான நேரிய மூக்கு. சில உருவங்களில் மீசையும் உண்டு. இரு தோள்களையும் மூடிய கனத்த மேலாடை, நனைத்த கம்பளம் போல் ஆழ்ந்த மடிப்புகளுடன் தொங்கும். பெருமானின் பக்கத்தில் நிற்கும் வச்சிரபாணி, சில சிற்பங்களிற் கிரேக்கரின் வீரனாகிய ஹெராக்ளிசைப் போலவே தாடியும் திரண்ட தசையும் உடையவனாகக் காட்சி தருகிறான்.

இவற்றையெல்லாம் ஆராய்ந்த ஃபூஷே என்னும் பிரெஞ்சுப் பேரறிஞர், புத்தர் திருவுருவத்தின் தோற்றமே கிரேக்கக் கலையினின்று வந்தது என இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைநாட்ட முயன்றார். மேலை நாட்டார் பலரும் அதனை மகிழ்ந்து ஏற்றனர். நம் பாடநூல்களிலும் அக்கருத்து நெடுங்காலம் இடம்பெற்றது. வழிகாட்டியின் வாயில் நான் கேட்டது அதன் எதிரொலியே.

அலெக்சாந்தர் சிந்து வெளிக்கு வந்தது கி.மு. 326இல். காந்தாரப் புத்தர் தோன்றியதோ கி.பி. முதல் நூற்றாண்டளவில். இடையே முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் உள்ளன. ஆகவே, அலெக்சாந்தரின் படையோடு வந்த சிற்பிகள் புத்தரைச் செதுக்கினர் என்று எண்ணுதல் தவறு. அவனுக்குப் பின் பாக்திரியாவிலும் வடமேற்கிலும் ஆண்ட யவன மன்னர்கள் விட்டுச் சென்ற பழக்கமும், குஷாணர் காலத்தில் உரோமப் பேரரசுடன் நடந்த வாணிகமும் சேர்ந்தே அக்கலையை வளர்த்தன. அதே உரோம வாணிகமே தெற்கே அரிக்கமேட்டிலும் மதுச் சாடிகளையும் மட்கலங்களையும் இறக்கிச் சென்றது.

வடமதுரையின் விடை

இனி நான் நான்கு ஆண்டுகள் சுற்றித் திரிந்த வடமதுரைக்கு வருவோம். கண்ணன் பிறந்த ஊர் என்றே நம்மவர் அங்குச் செல்வர். ஆயின் 1874இல் கிரௌஸ் என்னும் மாவட்ட ஆட்சியாளர் தொடங்கிய அருங்காட்சியகம் அவ்வூரில் உண்டு என்பதைப் பலர் அறியார். ஓய்வு நாட்களில் நான் அங்குச் செல்வது, உண்மையைச் சொன்னால், வெயிலுக்கு ஒதுங்குவதற்காகவே. அன்று பொருள் தெரியாமற் பார்த்த இரண்டு கற்கள் இன்று என் ஐயத்திற்கு விடை கூறுகின்றன.

முதலாவது, பர்க்கம் என்னும் சிற்றூரிற் கிடைத்த இயக்கன். எட்டரை அடிக்கு மேற்பட்ட உயரம், அகன்ற தோள், பருத்த வயிறு, கழுத்திற் கனத்த அணி. முகமும் கைகளும் சிதைந்துவிட்டன. நம் ஊர் எல்லையில் நிற்கும் காவல் தெய்வங்களை நினைவூட்டும் நிலை. அதனைச் செய்தவன் குணிகனின் மாணாக்கனாகிய கோமிதகன் என்று கல்லே கூறுகிறது. புத்தர் உருவம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இத்துணைப் பெரிய மேனியைக் கல்லில் நிறுத்தும் ஆற்றலும், ஆசிரியன் மாணாக்கன் என்னும் தொழில் மரபும் அந்நாட்டில் இருந்தன என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இரண்டாவது, கட்ரா மேட்டிற் கிடைத்த புத்தர். உயரம் இரண்டேகால் அடியே. வெண்புள்ளிகள் விரவிய சிவப்பு மணற்கல். சிங்கங்கள் தாங்கும் ஆசனத்தின் மேல், அரச மரக்கிளையின் நிழலில், சம்மணமிட்டு நிமிர்ந்து அமர்ந்திருக்கிறார். வலது கை அஞ்சேல் என்று உயர்ந்திருக்கிறது. இடது கை தொடையின் மேல் ஊன்றியிருக்கிறது. வலத்தோள் திறந்திருக்க, மெல்லிய ஆடை உடலோடு ஒட்டியிருக்கிறது. தலையில் அலைக்கூந்தல் இல்லை. நத்தையோடு போலச் சுருண்ட ஒரே கொண்டை. மூச்சை உள்ளே இழுத்து நிறுத்திய யோகியைப் போல் மார்பு விம்மியிருக்கிறது. உள்ளங்கால்களிற் சக்கரக் குறி. கண்கள் அகலத் திறந்து நம்மையே நோக்குகின்றன, இதழ்களிற் புன்னகை. இங்கே யவனம் எங்கே இருக்கிறது?

இவ்வுருவத்தை நிறுவியவள் புத்தரட்சிதன் என்பவனின் தாயாகிய அமோகாசி என்னும் பெண்மணி. தன் பெற்றோருடன் சேர்ந்து, எல்லா உயிர்களின் நலத்திற்காகவும் இன்பத்திற்காகவும் நிறுவியதாகப் பீடத்தில் எழுதி வைத்திருக்கிறாள். வேந்தர் பெயர் அதில் இல்லை. ஒரு குடும்பத்தின் கொடை அது.

வடமதுரைச் சிற்பிகள் இயக்கர் உருவ மரபிலிருந்தும் யோகியின் இருக்கையிலிருந்தும் தாமே புத்தர் வடிவைக் கண்டனர் என்று 1927இல் விரிவான கட்டுரை எழுதி ஃபூஷேயை மறுத்தவர், ஆனந்த குமாரசாமி. அவர் கொழும்பில் 1877இற் பிறந்தவர். ஈழத்துத் தமிழராகிய சர் முத்துக் குமாரசாமியின் மைந்தர். அமெரிக்காவிற் பாஸ்டன் நகரக் கலைக்கூடத்தில் நெடுங்காலம் பணியாற்றி 1947இல் மறைந்தார். தந்தையார் புத்தரின் தந்தத்தைப் பற்றிய பாலி நூலொன்றை 1874இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவர். வடநாட்டுக் கல்லுக்காக வழக்காடியவர் தமிழ்க் குருதியினர் என்பதை அறிந்தபோது, அயலூரில் வாழும் எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

ஒரே அரசு, இரண்டு பட்டறைகள்

அவ்வாறாயின், ஃபூஷே தோற்றார், குமாரசாமி வென்றார் என்று வழக்கை முடித்து விடலாமா? முடிக்க இயலாது. இன்றைய அறிஞர் பலர், காந்தாரத்திலும் வடமதுரையிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில், கி.பி. முதல் நூற்றாண்டளவில், புத்தர் உருவம் தோன்றியது என்றே கொள்வர். பின்னர்க் குஷாண மன்னன் கனிஷ்கனின் ஆட்சியில், பெஷாவர் ஆகிய புருஷபுரமும் வடமதுரையும் ஒரே குடைக்கீழ் இருந்தன. அவனுடைய பொற்காசு ஒன்றிற் புத்தர் நிற்கிறார். பக்கத்திற் கிரேக்க எழுத்தில் அவர் பெயர். வணிகரும் துறவியரும் ஒரே பெருவழியில் இருபுறமும் நடந்தனர். ஓர் ஊரிற் கண்டதை மற்றோர் ஊரிற் செய்தனர்.

காந்தாரச் சிற்பி யவன முகத்தைச் செதுக்கினான். ஆனால் அம்முகத்திற்குப் புருவ நடுவே திலகச் சுழியையும், உச்சியில் முடியையும், நீண்ட காதையும், கால் மடித்த யோக இருக்கையையும் எங்கிருந்து பெற்றான்? அவை யவனர் அறியாதவை. அதுபோலவே, வடமதுரைச் சிற்பியும் பின்னாளில் இரு தோளையும் போர்த்தும் ஆடையையும் அதன் மடிப்பு வரிகளையும் மேற்கிலிருந்து ஏற்றான். ஏற்றவன் அப்படியே பெயர்த்து வைக்கவில்லை. கனத்த கம்பள மடிப்பு அவன் உளியில் மெல்லிய நூலிழைக் கோடுகளாயிற்று. குளிர் நாட்டுப் போர்வை வெயில் நாட்டுத் துகிலாயிற்று.

பயணம் செய்த கல்

சரக்கு எழுத்தனாகிய என்னை எல்லாவற்றிலும் மிகுதியாகக் கவர்ந்தது வேறொரு செய்தி. சாரநாத்து அருங்காட்சியகத்தில் நுழைந்தவுடன் அசோகரின் சிங்கத் தலை நம் கண்ணைப் பறித்து விடும். அதே கூடத்தில் எட்டடிக்கு மேல் உயர்ந்த செந்நிற உருவம் ஒன்றும் நிற்கிறது. 1904-05ஆம் ஆண்டு அகழ்வாய்வில் ஓர்ட்டல் என்னும் பொறியாளர் வெளிப்படுத்தியது. கனிஷ்கனின் மூன்றாம் ஆட்சியாண்டிற் பாலர் என்னும் பிக்கு இதனை நிறுவினார் என்று கல்வெட்டு உரைக்கிறது. கனிஷ்கனின் முதலாண்டு கி.பி. 127 அளவில் எனப் பலர் இன்று கொள்வதால், இது ஏறத்தாழ கி.பி. 130ஐச் சேர்ந்ததாகும். உருவத்திற்கு மேல் நின்ற பத்தடி அகலக் கற்குடையும் உடன் கிடைத்தது.

இக்கல் காசிப் பகுதிக் கல் அன்று. வடமதுரையின் சிவப்பு மணற்கல்! அங்கே செதுக்கப்பட்டு இங்கே வந்தது. இரயில் இல்லை, பாரந்தூக்கி இல்லை. யமுனை பிரயாகையிற் கங்கையோடு கலந்து காசிக்கு வருகிறதாகையால், ஆற்றுவழியே மரக்கலத்தில் வந்திருத்தல் கூடும். உடையக்கூடிய பொருள் என்று சீட்டு ஒட்டி அனுப்பும் சிறு பெட்டியே எங்கள் நிலையத்தில் மூலை உடைந்து வந்து சேர்வதைக் கண்டவன் நான். இத்துணை நிறையுள்ள உருவத்தை அத்துணைத் தொலைவு கொண்டு வந்தவர்களை எண்ணுந்தோறும் கை தானே கூப்புகிறது. பாலர் இதுபோன்ற மற்றோர் உருவத்தைச் சிராவஸ்தியிலும் நிறுவினார். அவருடைய கல்வெட்டிற் குறிக்கப்படும் பிக்குணி புத்தமித்திரை, கௌசாம்பியில் ஒன்று நிறுவினாள்.

வந்த கல் வாளா நிற்கவில்லை. உள்ளூர்ச் சிற்பிகள் அதனைப் பார்த்துத் தங்கள் சுனார் மணற்கல்லிற் படி எடுத்தனர். முதற் படிகள் செம்மையாக அமையவில்லை, விறைத்து நின்றன. ஆனால் அப்பயிற்சி வீண் போகவில்லை. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், குப்தர் காலத்தில், அதே சாரநாத்தில் அதே சுனார்க் கல்லில் பிறந்தது, நம் குடும்பங்கள் வாய் பேசாது நின்ற அந்த அறவாழிப் புத்தர்.

உயரம் ஐந்தேகால் அடி. கைகள் மார்பின் முன் கூடி, விரல்கள் சக்கரத்தைச் சுழற்றுவன போல் ஒன்றையொன்று தொடுகின்றன. வடமதுரைப் புத்தரின் அகன்ற விழி இங்கே பாதி மூடித் தாழ்ந்து, உள்நோக்கிவிட்டது. காந்தாரத்து அலைக்கூந்தல் வலம் சுழித்த சிறு சுருள்களாகி விட்டது. இரு தோளும் போர்த்த ஆடை உண்டு. ஆனால் ஒரு மடிப்பும் இல்லை. கழுத்திலும் கையிலும் காலடியிலும் உள்ள ஓரக் கோடுகளைக் கொண்டே ஆடை இருப்பதை அறிகிறோம். தலைக்குப் பின்னுள்ள ஒளிவட்டம், காந்தாரத்தில் வெறும் தட்டாக இருந்தது, இங்கே பூங்கொடி பூத்த வட்டமாகி நிற்கிறது. பீடத்திற் சக்கரம், இரு மான்கள், முதல் ஐந்து சீடர்கள். அவர்களுடன் ஒரு பெண்ணும் குழந்தையும். அவள் இத்திருவுருவத்தை அளித்தவளாக இருக்கலாம் என்பர்.

இக்கலை இங்கேயே நின்றுவிடவில்லை. சாரநாத்தின் மென்மை கடல் கடந்து சயாம், சாவகம் முதலிய நாடுகளில் தடம் பதித்தது. கிருஷ்ணை நதிக்கரை அமராவதியில் வளர்ந்த மற்றொரு மரபு ஈழத்திற்கும் தமிழகத்திற்கும் வந்தது.

அழிவும் உண்டு. 1794இல் காசி மன்னரின் திவான் ஜகத்சிங் என்பவரின் ஆட்கள் சாரநாத்துத் தூபி ஒன்றைச் செங்கல்லுக்காகவே இடித்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வருணை நதிக்குப் பாலம் கட்டியபோது, அங்கிருந்த 48 சிலைகளும் வேறு கற்களும் நீரோட்டத்தைத் தடுக்க ஆற்றில் எறியப்பட்டன. பாமியான் மலையின் பெரும் புத்தர் இருவர் 2001இல் தகர்க்கப்பட்டதை நம் காலத்திலேயே கண்டோம். அன்று ஆற்றில் இட்டவர் பகைவரும் அல்லர். அருமை அறியாதவர், அவ்வளவே. அறியாமையும் பகைமை செய்யும் வேலையைச் செய்யும்.

மகளுக்குச் சொன்ன விடை

சென்ற மாதம் என் மகளை மறுபடியும் சாரநாத்துக்கு அழைத்துச் சென்றேன். இம்முறை முதலிற் செந்நிறக் கல்லின் முன் நிறுத்தி, அது வந்த வழியைச் சொன்னேன். “நாம் இருந்த ஊரிலிருந்தா வந்தது, அப்பா? நம்மைப் போலவே மாற்றலாகி வந்திருக்கிறதே!” என்றாள். பிறகு அறவாழிப் புத்தரிடம் சென்றோம். “அன்று நான் ‘இல்லவே இல்லை’ என்றது தவறு, அம்மா. யவனரிடம் நம்மவர் பெற்றது உண்டு. ஆனால் பெறுவதற்கு முன்பே அவர்கள் கையில் உளி இருந்தது, நெஞ்சிற் கருத்து இருந்தது. கருத்து இல்லாதவன் வாங்கினால் அது நகல், உள்ளவன் வாங்கினால் அது அவனுடையதாகிவிடும்” என்றேன்.

அவள் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, “அப்படியானால் அந்த ஆடை மடிப்பு எங்கே போயிற்று?” என்று கேட்டாள். இம்முறை விடை என்னிடம் இருந்தது.

வெளியில் இந்தி பேசி, வீட்டில் தமிழ் பேசி, இரண்டிலும் சொற்களைக் கலந்து வளரும் நம் குழந்தைகளைப் பற்றிப் பெற்றோர் கவலைப்படுவதைச் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறேன். எனக்கும் அக்கவலை உண்டு. அயலாரிடம் வாங்குவதைத் தடுக்க நம்மால் ஆகாது, தடுக்கவும் வேண்டாம். வாங்குமுன் கையில் உளியைக் கொடுத்து விடுவதே நம் கடமை. ஞாயிறுதோறும் சங்கத்தில் நடைபெறும் தமிழ் வகுப்பை நான் அந்த உளியாகவே கருதுகிறேன்.

சாரநாத்துக்குச் செல்லும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்திற்கு விடுமுறை. மற்ற நாட்களிற் செல்க. சிங்கத் தலையைக் கண்டபின், அறவாழிப் புத்தரிடம் விரையாமல், அச்சிவப்புக் கல்லின் முன் ஐந்து நிமிடம் நின்று செல்க. குழந்தைகளையும் உடன் நிறுத்துக. அவர்கள் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிடின், தெரியாது என்று சொல்லி, வீட்டுக்கு வந்து தேடுக.